சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசிய வாடகை

மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து அவ்வப்போது ஓர் அறிக்கை வரும்: பக்கத்து மாநிலமான பினாங்கு எங்கள் மண், குத்தகைப் பணத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று. உடனே பினாங்கிலிருந்து ஒரு மறுப்பு போகும். அப்புறம் இரண்டு நாளைக்கு வாட்சாப்பில் கேலிப்படங்கள் ஓடும். கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து வேலைக்கு வரும் நண்பர்களைப் பார்த்து "வாடகை வசூலிக்க வந்தீங்களா?" என்று கிண்டல் நடக்கும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். கிண்டலில் நானும் சளைத்தவன் இல்லை. ஆனால் அந்தப் பணம் நிஜமாகவே கொடுக்கப்படுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு பினாங்கின் பேரில் கெடாவுக்கு ஆண்டுக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வந்தது. அண்மைக் காலத்தில்தான் அது 10 மில்லியனாக உயர்ந்தது. கெடாவின் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், கேட்டதோ 100 மில்லியன்.

அந்த 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1800ஆம் ஆண்டில் போய் நிற்போம். அதற்கும் பின்னால் 1786. நான் பள்ளியில் படித்தபோது "பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கண்டுபிடித்தார்" என்ற ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த தீவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஷிப்பிங் பிரிவில் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கப் பாரம் என்று நாள் முழுக்கத் தாளோடு மல்லுக்கட்டுபவன். அதனாலோ என்னவோ, இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்தால் மேசைமேல் கிடக்கும் தாளில் என்ன எழுதியிருக்கும் என்றுதான் எனக்கு மனசு ஓடும். பினாங்கின் கதையும் அப்படி ஒரு தாளின் கதைதான். சரியாகச் சொன்னால், பதில் வராமலே போன ஒரு தாளின் கதை.

1780களில் கெடா சுல்தான் அப்துல்லாவின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வடக்கே சயாம், இன்றைய தாய்லாந்து. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னிலும் வெள்ளியிலும் செய்த மரங்களை அங்கே அனுப்ப வேண்டும். "பூங்கா மாஸ்" என்று அதற்குப் பெயர். அன்பளிப்பு என்று கெடா சொல்லிக்கொண்டது, கப்பம் என்று சயாம் கணக்கில் வைத்துக்கொண்டது. 1767இல் பர்மியர்கள் அயுத்தியாவை அழித்தபோது கெடாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அது நீடிக்கவில்லை. 1782இல் பாங்காக்கில் புது அரச வம்சம் வந்தது. 1785இல் பர்மியர் படையெடுப்பை முறியடித்த கையோடு சயாம் படை தெற்கே இறங்கி, பட்டாணி என்ற மலாய் அரசைப் பிடித்தது. அடுத்தது யார் என்பதில் சுல்தானுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. தெற்கிலும் நிம்மதி இல்லை. 1770களின் தொடக்கத்தில் சிலாங்கூர் பக்கமிருந்து புகிஸ் படை வந்து கெடாவைச் சூறையாடியிருந்தது.

அப்போது உதவி கேட்கக் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் ஆங்கிலேயர்கள். சோழமண்டலக் கரையோடு கெடாவுக்கு நெடுங்காலப் பழக்கம். துணிமூட்டையோடு வந்த சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குக் கெடா அரண்மனையில் செல்வாக்கும் இருந்தது. லைட்டும் முதலில் அந்த வழியாகத்தான் வந்தார். 1771இல் அவர் கெடாவுக்கு வந்தது கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரியாக அல்ல, சென்னையில் இருந்த ஒரு வணிக நிறுவனத்தின் ஆளாக. மலாய் பேசுவார், அரண்மனைப் பழக்கவழக்கம் தெரியும், எல்லாரோடும் நன்றாகப் பழகுவார். ஆளைப் பிடித்துப்போய்த்தான் சுல்தான் பேசியிருக்க வேண்டும்.

1785இல் சுல்தான் தம் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். பினாங்கைத் தருகிறேன். வியாபாரம் அங்கே போய்விடும், அதனால் எனக்கு வரும் நட்டத்துக்கு ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர் கொடுங்கள். கடல்வழியே எதிரி வந்தால் காப்பாற்றுங்கள். இவற்றோடு இன்னொன்று, அதுதான் உயிர்நாடி: தரைவழியாக எவனாவது என்மேல் படையெடுத்தால் ஆளும் ஆயுதமும் கொடுத்து உதவ வேண்டும். சயாம் என்று பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

கல்கத்தாவில் கும்பினி ஆட்கள் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே பதில் எழுதினார்கள். தரைவழி உதவிக்கு எதிரே எழுதியதன் சாரம்: இது மேலிடத்தின் உத்தரவுக்கு அனுப்பப்படும். அவ்வளவுதான். இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தப் பதில் பழக்கமானதுதான். மேலிடம் லண்டனில் இருந்தது. பாய்க்கப்பலில் கடிதம் போய்த் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

லைட் காத்திருக்கவில்லை. 1786 ஜூலையில் ஆட்களோடு தீவில் இறங்கினார், ஆகஸ்ட் 11ஆம் தேதி கொடியேற்றினார். மறுநாள் இங்கிலாந்து இளவரசரின் பிறந்தநாள் என்பதால் தீவுக்கு "வேல்ஸ் இளவரசர் தீவு" என்று பெயர் வைத்தார். காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசைகாட்டப் பீரங்கியில் வெள்ளிக் காசு போட்டுச் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றைக்கும் அதைச் சொல்லி வருபவர்களைச் சிரிக்க வைக்கிறார்கள். சுல்தானுக்கு வர வேண்டிய பதில் என்ன ஆனது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

வீடு வாடகைக்கு விட்டவர்களுக்கு இது புரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்னே, ஆள் நல்லவராகத் தெரிகிறார் என்று சாவியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் வாடகையைத் தீர்மானிப்பது குடியிருப்பவர்தான்.

பதில் 1788இல் வந்தது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சயாமோடு சண்டைக்கு இழுக்கக்கூடிய எந்தத் தற்காப்பு உடன்பாடும் கிடையாது. லைட்டை முழு அயோக்கியன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுல்தானுக்கு உதவத்தான் வேண்டும் என்று கல்கத்தாவுக்கு அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஆனால் கல்கத்தா மறுத்த பிறகு தீவை விட்டுப் போகலாமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பணம் தருகிறேன், பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் பேச்சு போனது. சுல்தான் கேட்டது பாதுகாப்பு. பணம் அதோடு சேர்ந்து வர வேண்டியது.

பொறுத்துப் பார்த்த சுல்தான் கடைசியில் பிறையில் படகுகளைத் திரட்டினார். இப்போது பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே போகும்போது பாலத்துக்கு அடியில் ஓடுகிறதே, அதே பிறை ஆற்றங்கரை. 1791 ஏப்ரலில் லைட்டின் படை விடிவதற்கு முன் அக்கரைக்குப் போய் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டது. அதன் பிறகுதான் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆங்கிலேயர் தீவில் இருக்கும்வரை ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. கெடாவிலிருந்து அரிசியும் ஆடுமாடும் பினாங்குக்குத் தடையில்லாமல் வர வேண்டும், வேறு ஐரோப்பியர்களைக் கெடாவில் குடியேற விடக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. படை உதவி பற்றி ஒரு வரிகூட இல்லை. 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறையையும் சேர்த்து எழுதி வாங்கினார்கள், தொகை 10,000 ஆனது. அந்த எண்தான் கும்பினி போய், பிரிட்டிஷ் முடியாட்சி போய், ஜப்பான்காரன் வந்து போய், மலாயா சுதந்திரம் அடைந்து, டாலர் வெள்ளியாகி, புத்ராஜெயாவின் கணக்குப் புத்தகம் வரை மாறாமல் வந்து சேர்ந்தது.

ஜார்ஜ்டவுன் கடற்கரையில் இருக்கும் கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் என்றே பெயர். உதவி கிடையாது என்று கையெழுத்துப் போட்டவரின் பெயர். தீவுக்கு வருகிற யாரும் முதலில் போய்ப் படம் எடுப்பது அங்கேதான். கோட்டைக்குள் "ஸ்ரீ ரம்பாய்" என்ற பெரிய வெண்கலப் பீரங்கி ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. பிள்ளை வரம் கேட்டு அதன் வாயில் பூ வைக்கிற வழக்கம் உண்டு. நம் பெண்களும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அதன் முதுகில் 1603 என்று பொறித்திருக்கும், டச்சுக் கும்பினியின் முத்திரையும் இருக்கும். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியருக்கு எதிராக ஜொகூர் சுல்தானைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ள அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1613இல் ஆச்சே படை ஜொகூரைத் தாக்கி அதைத் தூக்கிக்கொண்டு போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆச்சே அதைச் சிலாங்கூருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1871இல் ஆங்கிலேயர்கள் சிலாங்கூரில் சண்டை போட்டு எடுத்து வந்தார்கள். இந்த வட்டாரத்தின் வெளியுறவுக் கொள்கையை ஒரே பொருளில் காட்டு என்றால் நான் அந்தப் பீரங்கியைத்தான் காட்டுவேன். பரிசாகக் கொடுத்தவன் ஜொகூருக்கு ஆபத்து வந்தபோது காப்பாற்ற வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கெடாதான் நம் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து கடாரத்தைத் தாக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகப் பட்டியல் போட்டுப் பெருமைப்படுகிறது. "கடாரம் கொண்டான்" என்று பட்டமும் சூட்டிக்கொண்டார்கள். நம் மேடைகளில் இதைச் சொல்லும்போது கைத்தட்டல் பறக்கும். கெடாவில் பழங்காலக் கோயில் சின்னங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பேருந்து எடுத்துக்கொண்டு போய் நெஞ்சை நிமிர்த்தியபடி படம் எடுத்துக்கொள்வோம். தாக்கப்பட்டவர்களின் ஊரில் நின்றுகொண்டு தாக்கியவர்களைக் கொண்டாடுகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பெரிய கப்பற்படை வைத்திருப்பவனுக்கும் துறைமுகம் மட்டும் வைத்திருப்பவனுக்கும் நடுவில் நடப்பது ஆயிரம் ஆண்டாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒருமுறை அதில் நாமும் பெரியவன் பக்கத்தில் நின்றிருக்கிறோம்.

சரி, கெடாவுக்கு வருவோம். சுல்தான் பயந்தது 1821இல் நடந்தது. சயாமின் கீழிருந்த லிகோர் ஆளுநரின் படை கெடாவைப் பிடித்தது. அப்துல்லாவின் மகன் சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்கு ஓடி வந்தார். ஆயிரக்கணக்கான கெடா மக்கள் செபராங் பிறைக்குள் அகதிகளாக நுழைந்தார்கள். கும்பினி தங்க இடம் கொடுத்தது, படை கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1826இல், கும்பினியின் தூதர் ஹென்றி பர்னி பாங்காக்கில் ஓர் ஒப்பந்தம் செய்தார். கெடாவில் சயாம் தொடர்ந்து இருக்கலாம் என்று அதில் எழுதிக் கொடுத்தார்கள். அதோடு, கெடாவின் பழைய ஆட்சியாளர் பினாங்கிலோ பிறையிலோ தங்க ஆங்கிலேயர் விடக்கூடாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். தன் தகப்பன் கொடுத்த தீவில் மகன் குடியிருக்கக்கூடாது என்று, தீவை வாங்கியவனும் நாட்டைப் பிடித்தவனும் சேர்ந்து எழுதிக்கொண்டார்கள். அவரை மலாக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1842இல் சயாமோடு சமாதானமாகி அவர் திரும்பியபோது கெடா பழைய கெடாவாக இல்லை. பெர்லிஸ் தனியாகப் பிரிந்துபோயிருந்தது.

கெடாவின் இன்றைய கோரிக்கை சட்டப்படி நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1957 அரசமைப்புச் சட்டம் பினாங்கை மாநிலங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது, அதைக் கெடா சுல்தான் உட்பட எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மனக்குறை பொய்யில்லை. அதைத் தேர்தல் நேரத்துக் கோமாளித்தனமாக மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எனக்கு இப்போது முடிவதில்லை.

இதே தீவுக்காரர்களுக்கும் அதே அனுபவம் 1941இல் கிடைத்தது. டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு போட்டன. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றவர்கள்தான் அதிகம் செத்தார்கள். தீவின் பாதுகாப்புக்குப் பொறுப்பு ஏற்றிருந்த ஆங்கிலேயர்கள் 16ஆம் தேதி இரவோடு இரவாக ஐரோப்பியர்களை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எவருக்கும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அரசாங்கம் இல்லை. கோட்டையில் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஜப்பான்காரன் இன்னும் குண்டு போடுவான் என்ற பயம் இருந்தது.

அந்தக் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். "ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ" பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். பல இனத்தவரும் சேர்ந்து ஒரு சேவைக் குழு அமைத்து, அவரைத் தலைவராக்கினார்கள். அவர் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய்ப் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். அப்புறம் பினாங்கு வானொலி மூலம், ஆங்கிலேயர்கள் போய்விட்டார்கள், இது இனிப் படைத்தளம் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். அந்த இடைப்பட்ட நாள்களில் இந்தத் தீவின் வெளியுறவு அமைச்சர், தற்காப்பு அமைச்சர் எல்லாமே ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். போருக்குப் பிறகு அவர் இலங்கையின் தூதராகவே பணியாற்றினார் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியாது. ராஜேந்திரனுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் பாதி இவருக்குக் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

என் மாமனார் பட்டர்வொர்த் விமானத்தளத்தின் கிடங்கில் வேலை பார்த்தவர். 1958லிருந்து 1988 வரை அந்தத் தளம் ஆஸ்திரேலியர்களின் பொறுப்பில் இருந்தது. அவர்களுடைய குடும்பங்கள் தீவில் தஞ்சோங் பூங்கா பக்கம் குடியிருந்தன. தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்த பிறகும் ஆஸ்திரேலியர்கள் முழுசாகப் போய்விடவில்லை. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் தலைமையகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கூட்டுப் பயிற்சி நடக்கும்போது போர் விமானச் சத்தத்தில் மாமா வீட்டு ஜன்னல் அதிரும். அப்படி ஒரு நாள் கேட்டேன்.

"நாளைக்கு எவனாவது நம்ம மேல சண்டைக்கு வந்தா, இவங்க வந்து நிப்பாங்களா மாமா?"

"மொதல்ல மீட்டிங் போடுவாங்க மாப்பிள்ளை."

கிண்டலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒப்பந்த வாசகத்தைத் தேடிப் படித்தால் அவர் சொன்னது கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து சரி. மலேசியாமீதோ சிங்கப்பூர்மீதோ வெளியிலிருந்து ஆயுதத் தாக்குதல் வந்தாலோ, வரும் போலிருந்தாலோ, ஐந்து அரசுகளும் உடனடியாகக் கலந்து பேசி, சேர்ந்தோ தனித்தனியாகவோ என்ன செய்வது என்று முடிவெடுக்கும். 1971இல் எழுதியது. அதற்கு முன்னால் 1957இல் பிரிட்டனோடு செய்துகொண்ட தற்காப்பு உடன்பாடு இதைவிடக் கெட்டியானது, உதவிக்கு வர வேண்டிய கடமை அதில் இருந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த 1963-66 காலத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் போர்னியோவில் நமக்காகச் சண்டையும் போட்டன. 1968 ஜனவரியில் பிரிட்டன், காசு இல்லை, சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படைகளைத் திரும்ப எடுக்கிறோம் என்று அறிவித்தது. அப்புறம் கிடைத்ததுதான் இந்த "கலந்து பேசுவோம்".

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். சுல்தான் அப்துல்லாவுக்குக் கிடைத்த மாதிரி இது மழுப்பலான பதில் இல்லை. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கையெழுத்துப் போடும்போதே இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. அன்றைய பிரதமர் துன் ரசாக்கின் அரசாங்கம் அதற்கேற்ற மாதிரி நடந்துகொண்டது. அதே 1971 நவம்பரில் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளைக் கூட்டி, இந்த வட்டாரத்தை அமைதியும் சுதந்திரமும் நடுநிலைமையும் கொண்ட பகுதியாக அறிவிக்க வைத்தார்கள். 1974 மே மாதம் ரசாக் பெய்ஜிங் போய்ச் சீனப் பிரதமர் சூ என்லாயோடு கையெழுத்துப் போட்டு, ஆசியான் நாடுகளிலேயே முதலில் சீனாவோடு தூதரக உறவு வைத்தார். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கட்சியோடு இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே ஒரு காவல்காரனை நம்பி இருக்கக்கூடாது என்று கெடா பட்ட பாட்டிலிருந்து படித்தார்களோ இல்லையோ, செய்தது அதைத்தான். நம் நாட்டு வெளியுறவுக் கொள்கையில் எனக்கு மனசாரப் பிடித்த காலம் அந்த மூன்று நான்கு ஆண்டுகள்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் 25 என்று கடிதம் வந்தது. ஆகஸ்டில் 19இல் நின்றது. எண் மாறும்போதெல்லாம் வாடிக்கையாளர்களிடமிருந்து மின்னஞ்சல் கொட்டும்: போட்ட ஆர்டரை நிறுத்து, முன்கூட்டியே அனுப்பு, மறுபடியும் நிறுத்து. மே 6ஆம் தேதியிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு "இது மலேசியாவில் செய்தது" என்ற சான்றிதழை வாணிக அமைச்சு மட்டுமே கொடுக்கும் என்று மாற்றினார்கள். அதுவரை வணிகச் சங்கங்களும் கொடுத்து வந்தன. சீனாவிலிருந்து வந்து இங்கே பெட்டி மட்டும் மாறிப் போகும் சரக்கைப் பிடிப்பதுதான் நோக்கம். ஜூலை 14 முதல் இன்னொன்று சேர்ந்தது: அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளை ஏற்றுமதி செய்தாலோ இங்கே இறக்கி வேறு நாட்டுக்கு மாற்றி அனுப்பினாலோ, 30 நாள் முன்னதாக அரசிடம் தெரிவிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு வியூகப் பொருள் வாணிகச் சட்டத்தின்படி.

பாரத்தில் "எந்த நாட்டில் செய்தது" என்று ஒரு கட்டம் இருக்கும். பார்க்கச் சின்னக் கட்டம். என் கையில் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் சிலிக்கான் தைவானில் செய்தது, அதை வெட்டி அடைத்துச் சோதித்தது இங்கே பினாங்கில், பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர் ஜப்பானியது, அடியில் இருக்கும் வெறும் பலகை ஷென்சென்னிலிருந்து வந்தது. மலேசியா என்று எழுதலாமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது, விதி இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். முன்பெல்லாம் அது சுங்கத் துறைக்கும் எனக்கும் உள்ள விஷயம். இப்போது அந்தக் கட்டத்தை வாஷிங்டனும் பெய்ஜிங்கும் சேர்ந்து எட்டிப் பார்க்கின்றன. உலகச் சிப் அடைப்பு, சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது, அதில் பெரும்பங்கு பினாங்கில். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கி இன்டெல் வந்தபோது ஆரம்பித்த கதை இது. துறைமுகத்துக்காக ஆசைப்பட்டு வந்தவர்கள் போய், இந்தத் தொழிற்சாலைகளுக்காகப் பேசுபவர்கள் வந்திருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் ஆசியான் மாநாட்டுக்கு டிரம்ப் வந்தபோது, பிரதமர் அன்வாரும் அவரும் ஒரு வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் பிரிவு 5.1தான் பிறகு பெரிய விவாதம் ஆனது. அமெரிக்கா தன் பொருளாதாரப் பாதுகாப்புக்காகவோ தேசியப் பாதுகாப்புக்காகவோ மூன்றாவது நாடு ஒன்றின்மேல் இறக்குமதித் தடையோ வரியோ போட்டு அதை மலேசியாவுக்குத் தெரிவித்தால், மலேசியா தன் சட்டங்களுக்கு உட்பட்டு அதற்கு ஈடான நடவடிக்கையை எடுக்க வேண்டும், அல்லது இரு தரப்புக்கும் ஏற்ற கால அட்டவணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது நாடு என்றால் யார் என்று ஷிப்பிங் பிரிவில் கேட்டால் லோரி ஓட்டுநரே சொல்லிவிடுவார். நம் சட்டங்களுக்கு உட்பட்டுத்தான் என்று அரசு சொன்னது. இறையாண்மை போய்விட்டது என்று எதிர்க்கட்சி சொன்னது. அந்த ஒப்பந்தத்தின் தலையெழுத்து பிறகு எப்படிப் போனாலும், எனக்கு இரண்டு தரப்பைவிடவும் அந்த நாளின் வரிசைதான் உறுத்தியது. கையெழுத்தும் படமும் முதலில். பொதுமக்கள் முழு வாசகத்தைப் படித்தது அதன் பிறகு.

இதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். நம் அரசமைப்பில் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது அமைச்சரவையின் அதிகாரம். நாடாளுமன்றத்தின் வேலை, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் அதை இயற்றுவது மட்டும். அதனால்தான் 2019 மார்ச் 4ஆம் தேதி அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் உடன்படிக்கையில் சேர முடிந்தது, அரண்மனைகளிலும் தெருவிலும் எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 5ஆம் தேதி பின்வாங்கவும் முடிந்தது. சேர்ந்ததற்கும் விலகியதற்கும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ரோம் உடன்படிக்கையில் சேர்ந்தது சரி என்பது என் கருத்து. ஆனால் முதலில் நாடாளுமன்றத்தில் ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கழன்றிருக்காது. 2016 ஜனவரியில் பசிபிக் கூட்டாண்மை வாணிப ஒப்பந்தத்துக்காகச் சிறப்புக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அன்றைய அரசே முன்வந்து செய்தது. கடைசியில் அமெரிக்காதான் அதிலிருந்து விலகி ஓடியது. அது வேறு கதை.

நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனால் தாமதமாகும் என்கிறார்கள். தாமதமாகட்டுமே. லண்டனின் பதில் வரும்வரை இறங்காதே என்று சுல்தானால் லைட்டைத் தடுத்திருக்க முடியுமா என்பது தெரியாத கேள்வி. பட்டாணி விழுந்த பயத்தில் இருந்தவருக்குப் பொறுமைக்கு இடமில்லை. நமக்கு 19 விழுக்காடு வரியின் பயம் இருந்தது, என் சம்பளமே அதில்தான் ஓடுகிறது, அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அப்படியும், "எங்கள் நாடாளுமன்றம் இதைப் பார்த்தாக வேண்டும், என் கையில் இல்லை" என்று சொல்ல முடிவது பேச்சுவார்த்தையில் சின்ன நாட்டுக்கு ஒரு பலம். பெரிய நாட்டுக்காரர்கள் "காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாது" என்று சொல்லித்தானே நம்மிடம் கறாராகப் பேரம் பேசுகிறார்கள். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கல்கத்தா சொன்னதும் அதே உத்திதான். நாம் மட்டும் ஏன் கையெழுத்துப் பேனாவை மேசைமேலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தோடு பல ஆண்டு நின்றுபோயிருந்த வாணிபப் பேச்சுவார்த்தை 2025 ஜனவரியில் மறுபடியும் தொடங்கியது. செம்பனை எண்ணெயிலிருந்து மின்னணுப் பொருள் வரை எல்லாம் அதில் வரும், என் பாரத்தில் இன்னும் சில கட்டங்கள் கூடும். ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றுப் பேச்சு முடிந்ததும் என்ன பேசினார்கள் என்று தன் இணையதளத்தில் அறிக்கை போட்டுவிடும். ஆகவே இப்போதைக்கு என் நாடு எதற்கு ஒப்புக்கொள்ளப் போகிறது என்பதை நான் பிரஸ்ஸல்ஸின் இணையப் பக்கத்தில் போய்ப் படித்துக்கொண்டிருக்கிறேன்.